ரதியின் புலம்பலும் கேட்பாரற்ற துயரமும்

மலைநாட்டுத் தோட்டப்புறக் கலைகளைப் பற்றி எழுதப் புகுவோர் எவரும் காமன் கூத்தைக் குறிப்பிடாது விடுவதில்லை. மாசி மாதத்தில் பிறை கண்டபின் காமன் கம்பம் ஊன்றப்படுவதையும், அன்று தொட்டு லயந்தோறும் தப்பொலி எழுவதையும், பௌர்ணமி இரவில் காமன் எரியூட்டப்படுவதையும் விரித்துரைப்பர். முடிவில், பழமை மாறாப் பக்தி என ஒரு சாராரும், நிலமானிய காலத்து எச்சம் என மறு சாராரும் தீர்ப்பளித்து அமைதி கொள்வர். இவ்விரு தீர்ப்பும் அக்கூத்தின் உயிர்நிலையைத் தொடவில்லை என்பதே நம் கருத்து. காமன் எரிந்ததோடு கூத்து முடிந்துவிடுவதில்லை. எரிந்தவனுக்காக ரதி அழவேண்டும். அந்த அழுகையைக் கேட்பதற்காகவே பனி கொட்டும் மலைச்சரிவில் தோட்டத்து மக்கள் இரவெல்லாம் விழித்திருக்கின்றனர்.

அப்புலம்பலைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். ரதியாக வேடம் புனைபவன் ஓர் ஆடவன். பகலெல்லாம் மலையில் முள்ளுக்குத்தியவனாகவோ கவ்வாத்து வெட்டியவனாகவோ அவன் இருப்பான். இழவு வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பாடும் ஒப்பாரி அன்றிரவு அவன் வாயில் பிறக்கிறது. கேட்டு நிற்பவர் ரதிக்காக மட்டும் அழுவதில்லை. அவரவர் தம் வீட்டுச் சாவை நினைத்து அழுகின்றனர். மற்ற நாட்களில் சாராயத்தைத் தவிர வேறு ஆறுதல் அறியாத ஆண்களும் அன்று வெட்கமின்றிக் கண்ணீர் விடலாம்.

இக்கூத்து துயருற்றவளுக்கு மூன்று பொருள்களை வழங்குகிறது. முதலாவது, நாள்: அழுவதற்கென்று சமூகம் தன் காலத்தில் ஒரு பகுதியை ஒதுக்குகிறது. இரண்டாவது, சபை: அவள் தனித்து அழுவதில்லை, ஊர் கூடிக் கேட்கிறது. மூன்றாவது, விடை: எரித்த சிவனிடமே ரதி நியாயம் கேட்கிறாள், அவனும் பதில் சொல்லியே ஆகவேண்டும். காமன் மீள்கிறான், ஆயினும் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிபவனாக மீள்கிறான். இறந்தவன் பழையபடி வந்துவிட்டான் என்று கதை பொய் சொல்லவில்லை. உலகத்தார்க்கு அவன் இல்லை என்பதையும், இழந்தவள் உள்ளத்தில் அவனுக்கு இடமுண்டு என்பதையும் அது ஒருங்கே ஒப்புக்கொள்கிறது. துயருற்றார்க்கு உளவியல் துணை என இன்று அறிஞர் பேசுவதன் சாரமும் ஏறத்தாழ இதுவேயன்றோ?

தோட்டங்களில் ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்தும் இதற்கு அயலானதன்று. போரில் மாண்ட அண்ணன்மாரைத் தேடிப் படுகளம் செல்லும் தங்காள், பிணங்களின் நடுவே அவர்களைக் கண்டு, கண நேரமேனும் எழுப்பிப் பேசுகிறாள். கொங்கு நாட்டிலிருந்து மக்களோடு மலையேறி வந்த கதை இது. ஆகவே, போரிலே உறவை இழந்த பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதை இம்மக்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். களத்துக்குச் செல்ல வழி வேண்டும், உடலைக் காணவேண்டும், விடைபெற ஒரு நாழிகை வேண்டும்.

1983 முதல் 2009 வரை இலங்கையை அழித்த போர், இவற்றுள் ஒன்றையும் மலையகத் தாய்மாருக்கு விட்டுவைக்கவில்லை. இவ்விடத்தில் வாசகர் சிலர் வியப்படையலாம். போர் வடக்கிலும் கிழக்கிலும் அன்றோ நடந்தது? நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் அதனோடு என்ன தொடர்பு? இக்கேள்வி நம்மிடையே இயல்பாக எழுவதொன்றே போதும், அத்துயரம் எவ்வளவு கேட்பாரற்றுப் போயிற்று என்பதைக் காட்ட. ஆதலின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்பது அவசியமாகிறது.

1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. உயிருள்ள மனிதரைச் சரக்குப்போல் பிரித்த அக்கணக்கில் தாய் ஒரு பக்கமும் மகள் மறு பக்கமும் விழுந்த குடும்பங்கள் பல. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் சூட்டிய பெயர் 'அழுகைக் கோச்சி'. அந்நிலையங்களில் எழுந்த ஓலம் ஒருவகையில் உயிரோடிருந்தவர்க்குப் பாடிய ஒப்பாரியே. பின்னாளில் சாவு நேர்ந்தபோது கூடி அழவேண்டிய அக்காளும் தங்கையும் கடலுக்கு அப்பால் இருந்தனர். போர் தொடங்குமுன்னரே சபை கலைக்கப்பட்டுவிட்டது என்பதை இங்கே மனங்கொள்ள வேண்டும்.

1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இன வன்செயல்கள் தோட்டங்களையும் மலைநாட்டு நகரங்களையும் தாக்கின. 1983 ஜூலையின் இறுதி நாட்களில் நுவரெலியா நகரமே எரிந்தது. அடிபட்ட குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சென்றன. அவர்களுட் பலரைக் காந்தியம் என்னும் தொண்டு இயக்கம் குடியமர்த்தியது. அவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கென்ட், டொலர் பண்ணைகளில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் 1984-இல் விரட்டப்பட்டன. அங்குப் பின்னர் குடியேற்றப்பட்ட சிங்கள ஏழைகளும் அவ்வாண்டு நவம்பரில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். ஏழையை வெளியேற்றிய நிலத்தில் மற்றோர் ஏழையின் இரத்தம் சிந்தப்பட்டது.

வன்னியில் எஞ்சியோர் காடு வெட்டினர், கூலிக்கு உழைத்தனர், 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல்லையும் சுமந்தனர். போர் முற்றியபோது எறிகணை அவர்களையும் விடவில்லை, பிள்ளைபிடியும் விடவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது ஏறக்குறைய 3 இலட்சம் மக்கள் முட்கம்பி முகாம்களில் அடைபட்டிருந்தனர். இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை மாண்டிருக்கலாம் என்னும் மதிப்பீடுகளை ஐக்கிய நாடுகள் பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் எடுத்துக்காட்டியது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் வேர்கொண்ட குடும்பங்களின் கிளைகளும் அத்தொகையில் அடங்கும்.

மலைநாட்டினுள்ளேயே நிகழ்ந்த கொடுமைகளும் உண்டு. 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் தோட்டத்து இளைஞர்களையும் சிறைக்கு இழுத்துச் சென்றது. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25-க்கு மேற்பட்ட தமிழ்க் கைதிகளைக் கும்பலொன்று கொன்றது. தண்டனை பெற்றிருந்தோரில் எஞ்சியவரையும் 2005-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மடிந்தவரின் வீட்டார் அத்தீர்ப்பை எவ்வாறு கேட்டிருப்பர்? எரித்தவனே இல்லை என்று சிவன் சந்நிதியில் சொல்லப்பட்டால் ரதி யாரிடம் போவாள்?

இப்போது, மகனை வன்னியில் பறிகொடுத்த ஒரு கொழுந்துக்காரியை மனக்கண்முன் நிறுத்துவோம். அவள் ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறாள். தகவல் தொலைபேசியில் வருகிறது, அல்லது வராமலே நின்றுவிடுகிறது. வாய்விட்டு அழுதால், "உன் மகன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான்?" என்ற வினா எழும். அயலிலே சோதனைச் சாவடி. பக்கத்துக் கிராமத்தில் வெற்றி விழாப் பட்டாசு. பறை கொட்டப் பிணம் இல்லை. மண் போடக் குழி இல்லை. எட்டும் கருமாதியும் கணக்கிட இறந்த நாள் தெரியவில்லை. ஒப்பாரி என்பது உடலைச் சுற்றி அமரும் கலை. உடலே இல்லாதபோது அவள் எதைச் சுற்றி அமர்வாள்?

இவ்விடத்தில் தமிழகத்துத் தஞ்சைப் பகுதியின் லாவணிக் கலை நம் நினைவுக்கு வருகிறது. காமன் பண்டிகையில் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என இரு புலவர் அணிகள் எதிரெதிரே அமர்ந்து, காமன் எரிந்தானா இல்லையா என விடியவிடிய வாதிடுவர். ஊரார்க்கு அது பொழுதுபோக்கு. காணாமற்போனவனின் தாய்க்கோ அவ்விரு கட்சியும் அவளுடைய நெஞ்சுக்குள்ளேயே அமர்ந்திருக்கின்றன. காலையில் 'எரிந்துவிட்டான்' என்பாள். மாலையில் கதவருகே செருப்புச் சத்தம் கேட்டால் 'எரியவில்லை' என்பாள். வாதம் முடிவதே இல்லை. இதனைத் 'தெளிவற்ற இழப்பு' என்று அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ் பெயரிட்டு விளக்கினார். நடுவராக நின்று தீர்ப்புக் கூறவேண்டியது அரசு. 2016-இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் 'காணாமைச் சான்றிதழ்' வழங்கவும் வழி செய்யப்பட்டது. சான்றிதழ் ஓரளவு பயன் தரும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், எங்கே, எப்போது, யாரால் என்ற மூன்று வினாக்களுக்கும் அந்தக் காகிதத்தில் இடமில்லை.

விடை கிட்டாதபோது மக்கள் தெய்வத்திடம் செல்கின்றனர். 1990-களின் போர்க்கால மட்டக்களப்பில், காணாமற்போனவர் பற்றி அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்லும் பெண்களைத் தேடித் தாய்மார் வந்ததை மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் ஆராய்ந்தார். அதே காலத்தில், 1987-89 ஆண்டுகளின் அடக்குமுறையில் பிள்ளைகளை இழந்த தென்னிலங்கைச் சிங்களத் தாய்மார் அன்னையர் முன்னணியில் திரண்டு, காளி சந்நிதியில் தேங்காயுடைத்துச் சாபமிட்டனர். மொழி வேறு, தெய்வத்தை விளிக்கும் முறையும் வேறு, கேட்ட நீதி ஒன்றே. இத்தாய்மாரை மூடநம்பிக்கையினர் என்று எள்ளுவோர், நீதிமன்றத்தின் கதவு அவர்களுக்குத் திறந்திருந்ததா என்பதை முதலில் சொல்லட்டும்.

இனி, நாள் என்பதைப் பார்ப்போம். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. வேலைக்குப் போனவளுக்குப் பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 2019 வரை நடப்பிலிருந்த கூட்டு ஒப்பந்தங்களின்படி, வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் வந்தோர்க்கே வரவுக் கொடுப்பனவு கிட்டியது. துக்கத்தில் சில நாள் முடங்கியவள் அந்நாட்களின் கூலியோடு மாதத்தின் கொடுப்பனவையும் இழக்கும் நிலை அது. முதல் உலகப் போரின் நடுவே, 1917-இல் வெளியான தம் கட்டுரையில், துக்கம் நோயன்று, அதற்குக் காலம் வேண்டும், அதில் தலையிடுவது தீங்காகவும் முடியலாம் என்று சிக்மண்ட் பிராய்டு எழுதினார். வியன்னா நகரத்து நடுத்தர வர்க்கத்தினர்க்கு அக்காலம் கிடைத்திருக்கலாம். பெரட்டுக்களத்தில் விடியுமுன் நிற்கவேண்டியவளுக்குத் துக்கத்தின் காலத்தைக் கம்பெனியன்றோ அளந்து கொடுக்கிறது?

ஆகவே, உளவியல் துணை என்றதும் மருத்துவமனை அறையில் நாற்காலியிட்டு இருவர் பேசுவதை மட்டுமே எண்ணுவது பிழை. இதனை உளநல வல்லுநரும் உணர்ந்துள்ளனர். யாழ்ப்பாணத்தில் போரினூடே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1998-இல் 'வடுப்பட்ட மனங்கள்' எனப் பொருள்படும் ஆங்கில நூலை எழுதினார். 2014-இல் எழுதிய நூலுக்கு 'வடுப்பட்ட சமூகங்கள்' எனப் பொருள்படும் பெயரிட்டார். மனத்திலிருந்து சமூகத்துக்கு நகர்ந்த அத்தலைப்பே ஒரு பாடம். 2007-இல் ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடி வெளியிட்ட வழிகாட்டி, உளவியல் துணையை நான்கு படிகளாக வகுத்தது. அடிப்படியில் உணவும் உறையுளும் பாதுகாப்பும். அதன்மேல் குடும்பமும் ஊரும். அதற்கும் மேலே பயிற்சி பெற்ற பணியாளர். உச்சியில் மட்டுமே மனநல மருத்துவர். நிலமும் கூலியும் குடியுரிமையும் கேட்டுப் போராடிய தொழிற்சங்கவாதி, தான் அறியாமலே அடிப்படிக்கு உழைத்தவன் ஆகிறான். அப்படி இல்லாமல் உச்சியை மட்டும் கட்டுவது, அத்திவாரமின்றிக் கோபுரம் எழுப்புவதாகும்.

ஆயினும் நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிடலாகாது. ஒப்பாரி எல்லாத் துயரையும் ஆற்றும் என்பது கற்பனை. உறக்கமும் உணவும் இழந்து, சாவையே நாடுபவருக்கு மருத்துவர் வேண்டும், மருந்தும் வேண்டும். தோட்ட மருந்தகங்கள் நெடுங்காலம் அரச சுகாதாரச் சேவைக்குப் புறம்பே, நிர்வாகத்தின் கையில் இருந்தன. நாட்டுக்கென மனநலக் கொள்கை 2005-இல் வகுக்கப்பட்ட பின்னரும், மலையகத் தமிழின் பேச்சு வழக்கு புரிந்த உளவளத்துணையாளர் லயம்வரை வந்தாலன்றி அக்கொள்கையால் பயனில்லை. ஒப்பாரிக்கும் குறைகள் உண்டு. பறையடிக்கும் பணியை ஒரு சாதியார் தலையில் சுமத்திய சமூகமே அதையும் வளர்த்தது. விதவையின் கைவளையை உடைக்கும் சடங்கும் அதன் அருகிலேயே நிற்கிறது. மரபிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டுவது கூடி அழும் உரிமையை. அவளை மூலையில் ஒதுக்கும் வழக்கத்தையன்று.

இனி நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லவேண்டும். முற்போக்குத் திறனாய்வாளராகிய நாம் மலையகப் பாடல்களில் எவற்றைப் போற்றினோம்? கங்காணியை ஏசும் பாடலைப் போற்றினோம். துரையைக் கேலி செய்யும் பாடலைப் போற்றினோம். மேடைதோறும் பாடித் தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சியம்மாள் நடேசய்யரின் பாட்டுகளைப் போற்றினோம். போற்றியது நியாயமே. ஆனால் ஒப்பாரியைச் சோர்வின் குரல், விதியை நம்பும் குரல் என்று கீழே வைத்தோம். 1947-இல் தலவாக்கலைத் தொகுதியில் பாராளுமன்றத்துக்குத் தேர்வான சி. வி. வேலுப்பிள்ளை, அரசியலுக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையே மக்கள் பாடல்களையும் அரும்பாடுபட்டுத் திரட்டினார். போராட்டத்தையும் புலம்பலையும் அவர் எதிரிகளாகக் கருதவில்லை. அவர் கண்டதை நாம் காணத் தவறினோம்.

மற்றொரு நூலும் இங்கே நம் கவனத்துக்குரியது. மானிடவியல் அறிஞர் ஈ. வாலன்டைன் டேனியல், தோட்டத்துப் பெண்களின் நாட்டார் பாடல்களை ஆராயும் நோக்குடன் 1983-இல் இலங்கை வந்தார். வன்செயலின் சாம்பல் ஆறாத வேளை அது. பாடல் தேடி வந்தவரிடம் மக்கள் தாம் கண்ட கொடுமைகளைச் சொல்லத் தொடங்கினர். 1996-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'கருகிய தாலாட்டுகள்' எனப் பொருள்படும். தாம் கொண்டுவந்த வினாக்களைக் கீழே வைத்துவிட்டு, மக்கள் சொல்ல விரும்பியதைக் கேட்டதே அந்நூலின் சிறப்பு. துயரை எழுத விழையும் எழுத்தாளர்க்கும் இதுவே முதற்பாடம். இறந்தவர்க்கு வீரப் பட்டம் சூட்டி ஓர் இயக்கத்தின் கணக்கில் வரவு வைக்கும் எழுத்தும், கண்ணீரைக் காட்சியாக்கி இரக்கம் விலைபேசும் எழுத்தும் துயருற்றவளின் பேச்சை நடுவிலே வெட்டிவிடுகின்றன. கேட்டு எழுதும் எழுத்தே அவளுக்குச் சபையாகிறது.

2021-ஆம் ஆண்டு ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டது. மாணவரின் எதிர்ப்புக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டது. கல்லை இடித்தால் நினைவு அழியும் என்று எண்ணியோர் தோற்றனர். ஆயினும், அத்தகைய கல்லொன்று மலையகத்தின் போர்க்கால இறந்தோர்க்கென ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வேண்டும் என்று நம்முள் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்? 2023-இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து சென்றவர்கள், அன்று அக்காட்டுவழியில் மடிந்து புதையாமற்போன முன்னோர்க்கும் அஞ்சலி செலுத்தினர். அதே மண்ணின் வடபுறக் காடுகளில்தான் அம்முன்னோரின் பேரர்களும் புதையாமற்போயினர். முதல் சாவையும் கடைசிச் சாவையும் ஒரே வரலாறாகப் படிக்கும் பொறுப்பு நம்முடையது.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர், தம் மாணவரை அவரவர் வீட்டுப் பாட்டிமாரிடம் அனுப்பி, 1977 முதல் 2009 வரை குடும்பத்தில் யார் எங்கே போனார், யார் திரும்பவில்லை என்று கேட்டு எழுதச் செய்யலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. சொன்னவரின் இசைவின்றி ஒரு பெயரையும் வெளியிடலாகாது. கேட்டபின் துயர் மிகுந்தவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பும் கேட்டவருக்கு உண்டு. தொழிற்சங்கங்கள் துக்க நாட்களுக்கு முழுப் பேர் வேண்டும் என்பதை ஒப்பந்தக் கோரிக்கையில் சேர்க்கலாம். காமன் கூத்தாடும் கலைஞர்கள் ரதியின் புலம்பலுக்குப்பின் சிறிது நேரம் தப்பை நிறுத்தி, சபையிலிருக்கும் பெண்களுக்கு இடம் விடலாம். அவர்கள் தம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லட்டும். மாசி பிறந்து கம்பம் ஊன்றப்படும் தோட்டங்களுக்கு நம் மாணவர்கள் அடுத்த ஆண்டு செல்லும்போது, தாளையும் பேனாவையும் சிறிது பொழுது சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, விடியும்வரை அமர்ந்து கேட்டுவிட்டு வரவேண்டும் என்று வேண்டுகிறோம்.